டர்பனிலிருந்து கேப் டவுனுக்குச் சைக்கிளில்: காற்றுக்கும் குளிருக்கும் தயாராவது எப்படி

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து கேப் டவுன் எந்த வழியாகப் போனாலும் 1,600 கிலோமீட்டருக்குக் குறையாது. கிளம்ப நினைக்கிறவர்கள் பெரும்பாலும் கேட்பது என்ன சைக்கிள், எத்தனை கியர், ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்ட முடியும் என்பதுதான். தூரம் தானாகக் கழிந்துவிடும், அதை விடுங்கள். பாதியில் பஸ் ஏற வைப்பது காற்று, குளிர், தண்ணீர் இந்த மூன்றும்தான். கரும்புக் காட்டுப் புழுக்கத்தில் ஆரம்பித்து, மூடுபனி மலை, அப்புறம் கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல், கடைசியில் குளிர்காலத்தில் மழை பெய்கிற கேப் என்று ஒரே பயணத்தில் நாலு விதமான ஊர் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் மழைக்காலம் வேறு, காற்று வேறு. டர்பன் வானத்தை மட்டும் பார்த்துப் பை கட்டினால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டுவதற்குள்ளேயே ஏதோ ஒன்று குறையும்.

நான் சொல்லப்போகும் வழி கடற்கரை வழி இல்லை. ஆர் 103 பழைய சாலையில் ஹோவிக் வரை, அங்கிருந்து ஆர் 617 பிடித்து அண்டர்பெர்க், காக்ஸ்டட். பிறகு ஆர் 56-இல் மிடல்பர்க் வரை. என் 9 (N9) நெடுஞ்சாலையில் கிராஃப் ரெய்நெட், வில்லோமோர் பக்கம். அங்கிருந்து ஊட்ஸ்ஹூர்ன், ரூட் 62, வூஸ்டர், கேப் டவுன். கடற்கரைப் பக்கமாகப் போகும் என் 2-இல் பழைய டிரான்ஸ்கை பகுதியில் சாலை குறுகல், லாரி அதிகம், ஓரம் பல இடங்களில் கிடையாது. எனக்கு அது பிடிக்காது. இன்னொன்று, நம் நாட்டில் ஃப்ரீவேயில் சைக்கிள் ஓட்டக் கூடாது, ஹெல்மெட் கட்டாயம். அதனால் டர்பனிலிருந்து கிளம்பும் ஃப்ரீவேயான என் 3-ஐ (N3) மறந்துவிடுங்கள்.

மாதம் பார்ப்பது

டர்பன்காரர்களுக்குத் தெரிந்ததுதான், தமிழ்நாட்டிலிருந்து வந்து ஓட்ட நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மாதக் கணக்கு இங்கே தலைகீழ். தைப்பூசக் காவடி எடுக்கும்போது தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. ஆடிக் கூழ் ஊற்றும்போது ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்போம். சித்திரை பிறக்கும்போது வெயில் இறங்கத் தொடங்கியிருக்கும்.

டர்பனிலும் டிராக்கன்ஸ்பெர்க் மலையடிவாரத்திலும் மழை கோடையில், அதாவது நவம்பரிலிருந்து மார்ச் வரை. கேப் டவுன் பக்கம் நேர் எதிர், மே முதல் ஆகஸ்ட் வரை மழை, கோடை காய்ந்து கிடக்கும். நடுவில் இருக்கும் கரூ என்ற பொட்டல் நிலத்தில் எப்போதாவது பெய்யும். ஆக எந்த மாதம் கிளம்பினாலும் ஏதோ ஒரு முனையில் மழை அல்லது வெயில் காத்திருக்கிறது. இடைவெளி இரண்டுதான்: ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை, இல்லையென்றால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். நான் சித்திரை மாதத்தைத்தான் சொல்வேன். அதற்குள் மலைப்பக்க இடிமழை ஓய்ந்திருக்கும், கரூவில் இரவு குளிரும், ஆனால் பெரும்பாலும் உறையாது, கேப்பில் மழை இன்னும் சட்டமாக உட்கார்ந்திருக்காது. வசந்தத்தில் காட்டுப் பூக்கள் அழகுதான், கூடவே காற்றும் அதிகம். புரட்டாசி விரதம் பிடிக்கிற வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை: கரூவின் சின்ன ஊர்களில் சைவம் என்று கேட்டால் உருளைக்கிழங்கு வறுவலும் சீஸ் டோஸ்ட்டும்தான் வரும். பருப்பு, அவல், நிலக்கடலை, ஒரு சின்ன ஸ்டவ் எடுத்துப் போனால் சமாளிக்கலாம்.

காற்றையும் பார்க்க வேண்டும். கோடைப் பாதியில் தெற்குக் கரையோரம் பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்குக் காற்று, மேற்கே போகிறவரின் முதுகில் கை வைத்துத் தள்ளும். குளிர்காலத்தில் மேற்குக் காற்று நெஞ்சில் அறையும். ஜூலையில்தான் லீவு கிடைக்கும் என்றால் கேப் டவுனுக்குப் பஸ்ஸில் போய் அங்கிருந்து வீட்டை நோக்கி ஓட்டுங்கள். அதில் ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

மேற்கே என்ன நடக்கிறது

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு பழக்கம் வேண்டுமென்றால் இதுதான். தினமும் ராத்திரி, நீங்கள் இருக்கும் ஊரின் வானிலையைப் பார்ப்பதற்கு முன், உங்களுக்கு மேற்கே இருக்கும் ஊர்களின் வானிலையைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் குளிர் அலை, செய்தியில் கோல்ட் ஃபிரண்ட் என்பார்களே அது, தென்மேற்குக் கடலிலிருந்து வருகிறது. முதலில் கேப் டவுனில் இறங்கும், பிறகு கரையோரமாகவும் கரூ வழியாகவும் கிழக்கே நகரும், டர்பன் வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். நீங்கள் மேற்கே போகிறீர்கள், அது கிழக்கே வருகிறது. எதிர்பாராமல் நடுவழியில் சந்திப்பதைவிட, எந்த ஊரில் சந்திப்பது என்று நீங்களே முடிவு செய்வது நல்லது.

அலை வருவதற்கு முன் பெரும்பாலும் வடமேற்கிலிருந்து காற்று அடிக்கும். கரையோரத்தில் இருந்தால் குளிர்காலத்திலும் திடீரென்று ஒரு நாள் 30 டிகிரியைத் தாண்டி வரண்ட அனல் வீசும். இதைப் பெர்க் விண்ட் என்பார்கள். உள்நாட்டு மேட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் காற்று இறங்க இறங்க அமுங்கிச் சூடாகிறது, ஆயிரம் மீட்டருக்குப் பத்து டிகிரி அளவுக்கு. ஆகா, குளிர்காலத்தில் இப்படி ஒரு வெயிலா என்று ஜெர்சியின் ஜிப்பை இறக்கிவிட்டுக் கொண்டாடுவார்கள். கொண்டாடக் கூடாது, அன்றைக்குத்தான் மழைக்கோட்டைப் பையின் மேலே எடுத்து வைக்க வேண்டும். காற்று ஒரு நிமிடம் நின்று, பிறகு தென்மேற்கிலிருந்து குளிராக அடிக்கத் தொடங்கினால் அலை வந்துவிட்டது என்று பொருள். சில மணி நேரத்தில் 10, 15 டிகிரி இறங்கும்.

எங்கள் சனிக்கிழமைச் சைக்கிள் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த சாட்ஸ்வொர்த் தம்பி ஒருவன் அடிக்கடி கேட்பான், “அண்ணா, போன்ல மழை இல்லேன்னு காட்டுது, போலாமா?” போனில் காட்டும் படம் ஒரு ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரு மேகம் அல்லது ஒரு சூரியன். சைக்கிள்காரனுக்கு அது பற்றாது. எத்தனை மணிக்குக் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, எத்தனை மணிக்கு வெப்பம் இறங்குகிறது என்று மணிவாரியாகப் பாருங்கள். வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் பார்த்துப் போகலாம். ஆரஞ்சு வந்தால் அன்று சைக்கிளைத் தொட வேண்டாம்.

குறிப்பாக ‘கட் ஆஃப் லோ’ என்ற சொல் காதில் விழுந்தால் பயணத்தை நிறுத்திவிடுங்கள். மேல்காற்றிலிருந்து துண்டாகிப் போன தாழ்வழுத்தம் அது, நகராமல் ஒரே இடத்தில் நின்று நாள் கணக்கில் கொட்டும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், அதாவது நாம் தேர்ந்தெடுத்த அதே மாதங்களில்தான், அதிகம் வரும். 1981 ஜனவரியில் லெய்ங்ஸ்பர்க் என்ற கரூ ஊரை அடித்துக்கொண்டு போனது, 104 பேர் இறந்தார்கள். பொட்டல் காட்டில் வெள்ளமா என்று நினைப்பவர்கள் அந்த ஊரை நினைத்துக்கொள்ளட்டும். 2022 ஏப்ரலில் டர்பனில் 400 பேருக்கு மேல் போனதும் இதனால்தான். அப்படிப்பட்ட நாள்களில் ஆற்றோரம், தரைப்பாலத்துப் பக்கம் கூடாரம் போடவே கூடாது, மேலே நட்சத்திரம் தெரிந்தாலும் சரி.

டர்பனை விட்டு ஏறும்போது

முதல் நாளே மலைதான். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே நடக்கும் காம்ரேட்ஸ் பந்தயத்து ஓட்டக்காரர்கள் 1921-லிருந்து ஓடும் அதே மேடுகள்: கௌவீஸ் ஹில், ஃபீல்ட்ஸ் ஹில், போத்தாஸ் ஹில், இஞ்சாங்கா, பாலி ஷார்ட்ஸ். கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் ஏறி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு இறங்கி, மறுபடி ஹில்டனுக்கு ஏற வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் ஹில்டன் மூடுபனி அந்தக் கணக்கையும் தாண்டிக் குளிர வைக்கும். காரணம் நீங்கள் வியர்வையில் நனைந்து போய் நிற்பீர்கள். மேட்டின் உச்சியில் நின்று, இறக்கம் தொடங்குவதற்கு முன், காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டைப் போட்டு ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றுங்கள். பாதி இறக்கத்தில் விரல் விறைத்த பிறகு பிரேக்கும் பிடிக்க முடியாது, ஜிப்பும் இழுக்க முடியாது. உள்ளே போட ஒரு காய்ந்த பனியன் தனியாக நெகிழிப் பையில் இருக்கட்டும். பனிமூட்டத்தில் பின் விளக்கு பகலிலும் எரிய வேண்டும். இந்தப் பகுதிக்குச் செயினில் ஈரத்துக்கான கெட்டி எண்ணெய், அதை நினைவில் வையுங்கள், பின்னால் மாற்ற வேண்டிவரும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சாப்பாட்டுக் கவலை இல்லை. அங்கே கிளம்பும்போது உருளைக்கிழங்குக் கறி சுருட்டிய ரொட்டி நாலைந்து கட்டிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு அந்த மாதிரிச் சாப்பாடு வெகுதூரத்துக்குக் கிடையாது. ஊறுகாய் ஒரு சின்ன டப்பா. உப்புக்கு உப்பும் ஆச்சு, வாய்க்கு ருசியும் ஆச்சு.

அண்டர்பெர்க் வந்ததும் வலது பக்கம் டிராக்கன்ஸ்பெர்க் சுவர் மாதிரி நிற்கும். அக்டோபர் பயணம் என்றால் மதியத்து மேகத்தைக் கவனிக்க வேண்டிய இடம் இது. காலையில் துடைத்து வைத்த வானம், பதினொரு மணிக்கு மலை மேல் வெள்ளைக் குவியல், இரண்டு மணிக்கு அதன் தலை தட்டையாக விரிந்து அடி கறுக்கும். தலை தட்டையானால் இடி நிச்சயம், ஆலங்கட்டியும் வரலாம். விடியும்போதே கிளம்பி ஒரு மணிக்குள் ஊர் சேருவதுதான் இதற்கு மருந்து. வழியில் மாட்டிக்கொண்டால் மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் சைக்கிளை விட்டு விலகி, கட்டடம் அல்லது காருக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும். தனி மரத்தடி வேண்டாம். சாலைக்கு அடியில் இருக்கும் குழாய்ப் பாலமும் வேண்டாம், தண்ணீர் வருவது அந்த வழியாகத்தான்.

காக்ஸ்டட் தாண்டி ஆர் 56-இல் குழி, மாடு, ஆடு மூன்றும் உண்டு. சாயங்காலம் தார் சூடாக இருப்பதால் மாடுகள் சாலையிலேயே படுத்துக்கொள்ளும், இருட்டில் தெரியாது. மழைக்குப் பிறகு இந்தப் பக்கத்து மண் சாலைகளில் இறங்காதீர்கள், களிமண் சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சைக்கிள் நகரவே நகராது. எலியட்டுக்குப் பிறகு டார்ட்ரெக்ட், மோல்டெனோ பக்கம் மறுபடி குளிர். இந்த நாட்டிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை பதிவானது மோல்டெனோவுக்குப் பக்கத்துப் பஃபெல்ஸ்ஃபொன்டெய்னில்தான், மைனஸ் 18 டிகிரிக்கும் கீழே. மே மாதத்தில் அந்த அளவு போகாது, ஆனால் காலையில் கூடாரத்தின் மேல் உறைபனி படிந்திருக்கலாம். தண்ணீர்ப் பாட்டிலைத் தலைகீழாக வைத்துத் தூங்குங்கள். தண்ணீர் மேலிருந்து உறையும் என்பதால் காலையில் வாய்ப்பக்கம் அடைக்காது. போனும் பவர் பேங்க்கும் தூங்கும் பைக்குள்ளே, காலடியில்.

கரூ

மிடல்பர்க்கிலிருந்து நிலம் விரிந்துவிடும். புதர், தட்டைத் தலைக் குன்று, காற்றாலைத் தண்ணீர்ப் பம்பு, வேலி, மறுபடி புதர். டர்பனில் வியர்வை வழியும், வழிவதால் தண்ணீர் குடிக்கத் தோன்றும். கரூவில் வியர்வை வந்த இடத்திலேயே காய்ந்துவிடும், சட்டையில் வெள்ளை உப்புக்கோடு மட்டும் மிஞ்சும். தாகம் எடுக்கும்போது ஏற்கெனவே தாமதம். வெயில் நாளில் மணிக்கு ஒரு லிட்டர் என்று கணக்கு வையுங்கள். அபர்டீனிலிருந்து வில்லோமோர் 115 கிலோமீட்டர் அளவில், நடுவில் நம்பிப் போக ஒரு கடை இல்லை. எதிர்க்காற்று என்றால் ஒன்பது மணி நேரம் ஆகலாம். ஒன்பது லிட்டருக்குக் குறையாமல், ராத்திரி வெளியில் தங்குவதானால் பத்து. கனம்தான், என்ன செய்வது. காற்றாலைத் தொட்டித் தண்ணீர் சில இடத்தில் உப்புக் கரிக்கும், பண்ணை வீட்டில் கேட்டு வாங்குவது மேல். கேட்டுக்குள் போனால், திறந்திருந்ததைத் திறந்தபடி, மூடியிருந்ததை மூடியபடி விட்டு வாருங்கள்.

இங்கே காற்று பொதுவாக விடிகாலையில் அமைதி, வெயில் ஏற ஏற எழும்பும். பத்து மணிக்குள் பாதித் தூரம் முடித்திருக்க வேண்டும். ஒன்று கவனிக்க வேண்டும்: நாடு முழுவதும் ஒரே மணிக்கணக்கு, ஆனால் மேற்கே போகப் போக விடிவது தள்ளிப்போகும். ஜூனில் டர்பனில் ஏழுக்கு முன்பே விடிந்துவிடும், கேப் டவுனில் எட்டு ஆகும். அதற்கேற்ப அலாரத்தைத் தள்ளி வையுங்கள், முன்விளக்கையும் சார்ஜ் செய்யுங்கள்.

தென்கோளத்தில் மதியச் சூரியன் வடக்கே நிற்கும். மேற்கே ஓட்டுகிறவருக்கு வடக்கு வலது பக்கம், அதனால் வலது கை, வலது கன்னம், வலது காது தினமும் வேகும். நமக்கென்ன கறுப்புத் தோல்தானே என்று விடாதீர்கள், தோல் உரியத்தான் செய்யும். முழுக்கைச் சட்டை போடுங்கள். சாயங்காலம் சூரியன் நேர் எதிரே இறங்கும். உங்களுக்குக் கண் கூசுவதைவிட, பின்னால் வரும் லாரிக்காரருக்குக் கூசுவதுதான் ஆபத்து, அவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். நாலு மணிக்கு மேல் என் 9-இல் இருக்க வேண்டாம்.

முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாலையோரம் மஞ்சள் பூப் பூத்துத் தரையோடு படர்ந்திருப்பது நம்மூர் நெருஞ்சியேதான். காய் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் மேலே நிற்கும். தண்ணீர் குடிக்க நிறுத்தும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓரத்துக்குப் போகாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். போன பிறகு டயரைச் சுற்றிப் பாருங்கள். டியூப்லெஸ் டயர் என்றால் முள்ளைப் பிடுங்கியதும் உள்ளே ஊற்றியிருக்கும் அடைப்புத் திரவம் வெள்ளைப் பாலாகக் கொப்பளிக்கும், அந்த ஓட்டை தரையைப் பார்க்கும்படி சக்கரத்தைத் திருப்பி ஒரு நிமிடம் வையுங்கள், பால் இறங்கி அடைத்துவிடும். சாதா டியூப் என்றால் ஒட்டுப்போட்டு உடனே மாட்டிவிடாதீர்கள். முள்ளின் தலை ஒடிந்து, கூர்நுனி மட்டும் டயருக்குள் நிற்கும், விரலால் தடவினால் சில சமயம் அகப்படாது, அகப்பட்டால் ரத்தம். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் முழுக்க இழுத்துப் பாருங்கள். நுனி இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டி நூல் நூலாக நிற்கும். குறடால் பிடித்து இழுத்துவிட்டு அப்புறம் டியூபை மாட்டலாம். செயினைத் துடைத்து உலர் எண்ணெய்க்கு மாற்ற வேண்டிய இடமும் இதுதான். ஹில்டனில் போட்ட கெட்டி எண்ணெயில் கரூப் புழுதி ஒட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலப் பல்லையெல்லாம் தின்றுவிடும்.

மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

வில்லோமோருக்குப் பிறகு டி ரஸ்ட், ஊட்ஸ்ஹூர்ன். வடக்கே ஸ்வார்ட்பெர்க் மலை, தெற்கே ஊட்டெனிக்வா, நடுவில் சின்னக் கரூ. செங்கோட்டைக்கு இந்தப் பக்கம் காய்ந்து, கணவாய் தாண்டினால் நனைகிற கதைதான் இங்கேயும். கடல் ஈரம் ஊட்டெனிக்வாவின் தெற்கு முகத்தில் மோதி ஜார்ஜ் நகரத்தில் வருஷம் முழுக்கப் பெய்துவிடும், மலை தாண்டி வரும்போது காற்றில் ஒன்றும் மிச்சமிருக்காது. டர்பனில் பெய்யும் மழையில் கால் பங்குதான் ஊட்ஸ்ஹூர்னுக்கு. ஊட்டெனிக்வா கணவாய்ப் பக்கம் போனால், மேகம் உச்சியைத் தாண்டி வழிந்து, சரிவில் பாதி இறங்குவதற்குள் கரைந்து போவதைப் பார்க்கலாம். உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கம் தூறல் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வறண்ட பக்கம் நின்று வெயில் காயும்போதே மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கணவாய் ஏறுவது பைத்தியம் மாதிரி இருக்கும், பரவாயில்லை.

கால் பலம் மிச்சமிருப்பவர்கள் ஸ்வார்ட்பெர்க் கணவாய்க்கு ஒரு நாள் ஒதுக்கலாம். தாமஸ் பெய்ன் போட்டு 1888-இல் திறந்த மண் சாலை, உச்சி 1,583 மீட்டர். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஏறுங்கள், தார் வந்ததும் மறக்காமல் அடியுங்கள். மேலே காற்று பலமாக இருந்தால் மெய்ரிங்ஸ்பூர்ட் வழியாகத் தார் சாலை இருக்கிறது, ஆற்றை 25 முறை தாண்டும், அதனால் மழை நாளில் அது ஆகாது.

ரூட் 62-இல் கலிட்ஸ்டார்ப், லேடிஸ்மித், பாரிடேல், மாண்டேகு என்று ஊர்கள் நெருங்கி வரும், தண்ணீர்க் கவலை தீர்ந்தது. இங்கிருந்து கவனம் காற்றுக்கு மட்டும். கோடைப் பாதியில் தென்கிழக்குக் காற்று, கேப் டாக்டர் என்று பெயர், டேபிள் மலை மேல் வெள்ளை மேகத் துணி விரித்துவிட்டு நகரத்துக்குள் பாயும். 2017-இல் 109 கிலோமீட்டர் கேப் டவுன் சைக்கிள் பந்தயத்தையே தொடங்கிய கொஞ்ச நேரத்தில் நிறுத்தினார்கள், சைக்கிளைக் கையில் பிடித்து நிற்பவர்களையே தள்ளிவிட்ட காற்று அது. குளிர்காலம் நெருங்கிய நேரம் என்றால் வடமேற்கைப் பாருங்கள், அங்கிருந்து காற்றும் மேகமும் சேர்ந்து வந்தால் மழை.

வூஸ்டரிலிருந்து கடைசி மலைக்கு ஹியூகனாட் சுரங்கத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பெய்ன்ஸ்குளூஃப் கணவாய் வழியாக வெலிங்டன் இறங்குங்கள், போக்குவரத்து குறைவு, வளைவுகள் பக்கக்காற்றை ஓரளவு தடுக்கும். வெலிங்டனுக்கும் நகரத்துக்கும் நடுவில் திறந்த வெளி, காற்று இடது பக்கத்திலிருந்து அடித்து வண்டிப் பாதைக்குள் தள்ளப் பார்க்கும். முன் சக்கரப் பைகளைக் கழற்றிப் பின்னால் கட்டிவிட்டு, ஓரக்கோட்டிலிருந்து அரை மீட்டர் உள்ளே வைத்து ஓட்டுங்கள், தடுமாற இடம் வேண்டும். மேற்குக் கேப்பில் வாகனங்கள் சைக்கிளுக்கு ஒரு மீட்டர் இடம் விட்டுத் தாண்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, எல்லாரும் விடுவார்கள் என்று நம்பி ஓட்ட முடியாது. மதியம் காற்று ஏறும் என்று மணிவாரிக் கணக்கு சொன்னால் வெலிங்டனில் ஒரு ராத்திரி தங்கி, விடிந்ததும் கிளம்பிப் பத்து மணிக்குள் நகரத்துக்குள் நுழைந்துவிடுங்கள்.